முதலில் நிற்கட்டும், பிறகு திரும்பட்டும்

போன சனிக்கிழமை எல்ஸ்மியர் றோட்டில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு தம்பி வந்து காரை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கும். "அங்கிள், நானும் இதே கார் ஒன்று வாங்கியிருக்கிறன். பெரிய பிறேக் செற்றும், பதிச்சு ஓட ஸ்பிறிங்கும் ஓடர் பண்ணப்போறன். எது முதல் பூட்டலாம்?" என்று கேட்டார். பம்புக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அவருக்காகவும், பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டு எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கிற எல்லோருக்காகவும்.

என்னுடையது 1976ஆம் ஆண்டு எம்ஜிபி. இரண்டு பேர் இருக்கிற, கூரை மடக்கிற கரும்பச்சைக் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 தொடக்கம் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் பெரும்பகுதி வட அமெரிக்காவுக்குத்தான் கப்பலேறியது. அதனால் ஒன்ராறியோவில் இன்றும் தேடினால் ஒன்று அகப்படும், சாமானும் வாங்கலாம். நான் இதை வாங்கி நாலு வருடம் ஆகிறது. டோர்செட் பார்க்கில் கெனடி றோட்டுக்கும் மிட்லண்ட் அவெனியூவுக்கும் இடையில், போருக்குப் பிந்திய காலத்துச் சின்னப் பங்களோ வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். பக்கத்தில் ஒரு கார் மட்டும் போகக்கூடிய கராஜ். நாலு வருட வேலையும் அதற்குள்தான் நடந்தது.

ஏன் இந்தக் கார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஊரில் அப்பா ஒஸ்ரின் ஏ-40 வைத்து ஹயர் ஓடினவர். யாழ்ப்பாணத்து றோட்டுகளில் மொறிஸ் மைனரும் ஏ-40யும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் எங்கள் வீட்டு ஆட்கள் மாதிரி. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிப் பெற்றோல் வருவது நின்றபோது, அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கேம்பிறிட்ஜுக்குள் இருந்த பி-வரிசை எஞ்சினின் உறவுதான் எம்ஜிபிக்குள் இருக்கிற 1798 சி.சி. எஞ்சின். இந்தியாவில் அம்பாசடருக்குள் 1489 சி.சி. அளவில் நெடுங்காலம் ஓடியதும் அதே குடும்பம்தான். முதல் நாள் பொனற்றைத் திறந்தபோது எனக்கு அந்த எஞ்சின் புதிதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் முதல் ஆளை ஏற்ற முன்னம் ஒழுங்கைக்குள் பத்து யார் ஓட்டி, பிறேக்கை அமத்திப் பார்ப்பார். பெடல் கொஞ்சம் கீழே போனாலும் அன்றைக்கு ஹயர் இல்லை. "ஓடாத காரால ஒருத்தருக்கும் ஆபத்தில்லை. நிக்காத காராலதான்" என்பார். என் திட்டம் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்து வந்தது. முதலில் கார் நிற்கவேண்டும். பிறகு நேராக ஓடவேண்டும். பிறகு ஒழுங்காகத் திரும்பவேண்டும். வேகம் கடைசியில்தான். இந்த வரிசை பிழைத்தால் எவ்வளவு காசு போட்டாலும் நல்ல கார் ஒன்று கையில் வராது.

தொழிற்சாலை என்ன தந்தது

மாற்ற முன்னம், இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். எம்ஜிபியின் முன் சில்லுகளில் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல ட்ரம். முன்பக்கம் சுருள் ஸ்பிறிங். பின்பக்கம் வண்டில் காலத்து முறை: ஒரே அச்சு, இரண்டு பக்கமும் வில்லுத்தகடு. ஷொக் அப்சோபர் இன்றைய கார்களில் இருக்கிற குழாய் மாதிரி அல்ல. ஓயில் நிரம்பிய ஒரு வார்ப்புப் பெட்டி, அதில் இருந்து நீளும் ஒரு கை. முன்னால் அந்தக் கைதான் சில்லைப் பிடிக்கிற மேற்கையும். மொறிஸ் மைனர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி.

1974இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு இறப்பர் பம்பர் வந்தது. காரின் உயரத்தையும் ஓர் அங்குலம் அளவுக்குக் கூட்டினார்கள். அதோடு, திருப்பத்தில் உடம்பு சாயாமல் தடுக்கிற முன் அன்ரி-றோல் பாரைச் செலவு குறைப்பதற்காக எடுத்துவிட்டார்கள். உயரமும் கூடி, சாய்வைத் தடுக்கிற கம்பியும் போனால் கார் எப்படித் திரும்பும் என்று யோசித்துப் பாருங்கள். 1977 மாதிரியில்தான் முன்னுக்கும் பின்னுக்கும் பார் வந்தது. என்னுடைய 1976, அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளை. ஒரு றவுண்ட் அபவுட்டில் 40இல் திரும்பினாலே வள்ளம் சரிகிற மாதிரிச் சரியும். ஆனாலும் குறை கார் வகையில் இல்லை. 1963இல் லு மான் 24 மணி நேரப் போட்டியில் இதே எம்ஜிபி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மணலில் புதைந்து கிடந்தும், 12ஆவதாக வந்து தன் வகுப்பில் வென்றது. அடிப்படை நல்லது. வயதும் சிக்கனமும்தான் அதைக் கெடுத்திருந்தன.

பிரிம்லி இறக்கத்தில் நடந்தது

வாங்கிய முதல் கோடையில் மகளை ஏற்றிக்கொண்டு பிரிம்லி றோட்டால் பிளஃபர்ஸ் பார்க்குக்கு இறங்கினேன். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அந்த இறக்கம் தெரியும். செங்குத்தாக ஏரிக்கரைக்குப் போய்விடும். பாதியில் பிறேக்கை அமத்தியதும் கார் இடப்பக்கம் இழுத்தது. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டுதான் கீழே போய்ச் சேர்ந்தேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. எனக்கு உள்ளங்கை நனைந்திருந்தது.

அடுத்த நாள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். "பழைய பிறேக், அப்பிடித்தான் இருக்கும். பெரிய கலிப்பரும் பெரிய டிஸ்க்கும் போட்டால் சரி" என்று ஒரு விலை சொன்னார்கள். கார் வாங்கிய காசில் பாதிக்குக் கிட்ட வந்தது. மனம் ஒப்பவில்லை. ஊரில் கராஜ் வைத்திருந்து, இங்கே புறொகிறஸ் அவெனியூப் பக்கம் பல வருடம் வேலை செய்து ஓய்ந்த அண்ணை ஒருவரிடம் போனேன். அவர் ஒன்றும் கழற்றவில்லை. முன் சில்லுகளை ஜக்கில் தூக்கச் சொன்னார். என்னைப் பிறேக் அமத்தி விடச்சொல்லிவிட்டு, கையால் சில்லைச் சுற்றினார். இடது சில்லு உடனே சுற்றியது. வலது சில்லு அசையவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் இளகியது.

"தம்பி, கலிப்பர் சுகமாய் இருக்கு. இறப்பர்க் குழாய்தான் உள்ளுக்கு வீங்கிப்போச்சு" என்றார்.

விளக்கமும் சொன்னார். பிறேக் ஓயில் போகிற இறப்பர்க் குழாய் வெளியில் நன்றாகத் தெரியும். வயது போனால் உள்சுவர் வீங்கி ஊசித்துளை மாதிரி ஆகிவிடும். அமத்தினால் அழுத்தம் பிந்தித்தான் அந்தச் சில்லுக்குப் போகும். விட்டால் திரும்பி வராது. வலப்பக்கம் பிந்தியதால் கார் இடப்பக்கம் இழுத்தது. எம்ஜிபியில் இப்படி மூன்று குழாய்தான்: முன்னுக்கு இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. மூன்றையும் மாற்றினேன். இழுப்பு நின்றது. பெரிய கலிப்பர் போட்டிருந்தாலும், அதே பழைய குழாயைத் திரும்பப் பூட்டியிருந்தால் அதே இறக்கத்தில் அதே இழுப்பு வந்திருக்கும்.

அன்றைக்கு அண்ணை சொன்ன ஒரு வசனத்தைக் கராஜ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "முதல் இந்தக் கார் புதுசில எப்பிடி இருந்துதோ அப்பிடிக் கொண்டுவா. பிறகு அதில என்ன குறை எண்டு அதுவே சொல்லும்."

முதல் குளிர்காலம்: கொப்பியும் பென்சிலும்

ரொறன்ரோவில் நொவம்பரில் றோட்டுக்கு உப்புப் போடத் தொடங்கினால் ஏப்பிரல் மழை கழுவும்வரை பழைய கார் வெளியில் வரக்கூடாது. எம்ஜிபியில் தனிச் சட்டம் இல்லை, உடம்பே சட்டம். கதவுக்குக் கீழே இருக்கிற சில் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பு போய்விடும். அப்படிப்பட்ட காருக்கு எந்த ஸ்பிறிங் போட்டும் பயனில்லை. ஆகவே முதல் ஆய்வு துருவுக்கு. ஒரு மழுங்கின ஸ்குறூ றைவரால் அடிப்பகுதி முழுக்கத் தட்டிப் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன். நாலு சில்லிலும் நடுவில் இருந்து மட்காட் விளிம்புவரை எவ்வளவு உயரம்? இடது பின்பக்கம் மற்றதைவிட இருபது மில்லிமீற்றர் பதிந்திருந்தது, வில்லுத்தகடு களைத்துவிட்டது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சில்லைத் திருப்புகிற கிங் பின்னில் ஆட்டம் இருக்கிறதா? ஷொக்கில் ஓயில் கசிகிறதா? இணைப்புகளில் இருக்கிற றப்பர் புஷ் வெடித்திருக்கிறதா? ரயரின் வயது என்ன?

ரயர் வயதை எல்லோரும் பார்க்கவேண்டும். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருடம். என்னுடையதில் 2309 என்று இருந்தது: 2009ஆம் ஆண்டு, 23ஆம் கிழமை. வரி ஆழமாக, புதுசு போலத்தான் இருந்தது. நகத்தால் அமத்தினால் பலகை மாதிரி. பழைய கார்கள் வருடத்தில் கொஞ்ச மைல்தான் ஓடும். அதனால் ரயர் தேய முன்னம் இறுகிவிடும். றப்பர் இறுகினால் றோட்டைப் பிடிக்காது.

முதல் வருடம்: நிற்பது

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றரில் போகிறது. அதை நிறுத்தும்போது அந்த ஓட்டச் சக்தி முழுவதும் வெப்பமாக வேண்டும். அந்த வெப்பம், குளிர்ந்த தண்ணீர் ஒரு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரே ஒரு தரம் நிற்பதற்கு. 50இல் போனால் அதில் கால்வாசிதான், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. இந்த வெப்பம் டிஸ்க்குக்கும் பிறேக் பாட்டுக்கும் போய், அங்கிருந்து பிறேக் ஓயிலுக்கும் வரும்.

பிறேக் ஓயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினபின் அந்த அளவு 155 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆகவே மிக மலிவான, மிகப் பெரிய பிறேக் மேம்பாடு புது ஓயில்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

குழாயோடு சேர்த்து, துருப்பிடித்த உலோகப் பைப்புகளையும் செம்பும் நிக்கலும் கலந்த பைப்பாக மாற்றினேன். உப்பு நாட்டில் அது நின்று பிடிக்கும். பின் வீல் சிலிண்டர் இரண்டும் கசிந்தன, புதுசு போட்டேன். பிறகு ட்ரம்மைச் சரிசெய்தேன். எம்ஜிபியின் பின் பிறேக் தானாகச் சரிசெய்யாது. ஒவ்வொரு பக்கமும் பின்தட்டில் சதுரத் தலை ஒன்று இருக்கும். அதைத் திருகிச் சில்லு பிடிக்கும்வரை கொண்டுபோய், ஒரு சொட்டுத் தளர்த்த வேண்டும். பெடல் கீழே போகிறது என்று முன் பிறேக்கைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இந்தச் சதுரத் தலையைத் திருகிப் பார்க்கவேண்டும். எனக்குப் பெடல் பயணம் பாதியாகக் குறைந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

பிறேக் குழாய்க்குள் இருந்து காற்று எடுக்கிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மகள் உள்ளுக்கு இருந்தாள். நான் காருக்குக் கீழே நிப்பிளோடு. "அமத்து... பிடி... விடு" என்று நான் சொல்ல, ஒவ்வொரு தரமும் "பிடிச்சிருக்கிறன் அப்பா" என்று பதில் வரும். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். ஸ்ராண்ட் வைத்து, காரை ஒருமுறை உலுப்பிப் பார்த்தபிறகு போங்கள்.

புதுப் பிறேக் பாட் போட்டால் அதைப் பழக்கவேண்டும். 50இல் இருந்து 10வரை மிதமாகக் குறைத்து, கொஞ்சம் ஓட்டி ஆறவிட்டு, திரும்பச் செய்யவேண்டும். இப்படிப் பத்துத் தரம். சூடாக இருக்கும்போது பெடலை அமத்திக்கொண்டு நிற்கக்கூடாது.

இரண்டாம் வருடம்: நேராக ஓடுவது

இந்த வருடக் காசு ரயருக்கும் புஷ்சுக்கும் போனது. தொழிற்சாலை போட்டது 165 ஆர் 14. நான் போட்டது 185/70 ஆர் 14. அகலம் கூடியது, ஆனால் சில்லின் மொத்த விட்டம் சில மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆகவே வேகமானி பிழை சொல்லாது. என் ஐந்து அங்குல றிம்முக்கு அது பொருந்தும். இதற்கு மேல் அகலம் கூட்டினால் ஸ்ரியரிங் பாரமாகும். திருப்பத்தில் மட்காட்டிலும் உரசலாம்.

இங்கேதான் அந்தத் தம்பிக்கு முக்கியமான பதில் இருக்கிறது. உங்கள் பிறேக்கால் இன்றைக்கே சில்லைப் பூட்டி இழுக்க முடியும் என்றால், காரை நிறுத்துவதில் எல்லை பிறேக்கில் இல்லை, ரயரில் இருக்கிறது. அதற்குமேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் ஓர் அடி முன்னுக்கு நிற்காது. ஒரே இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிறேக் அடித்து வெப்பம் ஏறும்போதுதான் பெரிய டிஸ்க்கின் பயன் தெரியும். ஸ்காபரோவில் கடைக்குப் போய் வருகிற காருக்கு அந்த வெப்பம் வராது.

புஷ்சுக்கு எம்ஜிபிக்காரர் எல்லோரும் அறிந்த ஒரு வழி உண்டு. 1973 தொடக்கம் 1976 வரை எட்டுச் சிலிண்டர் எஞ்சினோடு வந்த எம்ஜிபி ஜிடி வி-8 காருக்கு, முன் கீழ்க்கையில் உலோக உறை உள்ள றப்பர் புஷ் போட்டார்கள். அதே புஷ் சாதாரண எம்ஜிபிக்கும் பொருந்தும். ஸ்ரியரிங் கூர்மையாகும், றப்பரின் மென்மையும் இருக்கும். கடினமான பிளாஸ்ரிக் புஷ் போட்டால் கூர்மை இன்னும் கூடும்தான். ஆனால் மிட்லண்டில் வசந்த காலத்துக் குழிகளில் ஓடிப் பார்த்தால் முதுகு சொல்லும்.

கிங் பின்னுக்குக் கிறீஸ் அடிக்கிறது மறக்கக்கூடாத வேலை. சில்லைத் தூக்கிப் பாரம் இல்லாமல் அடிக்கவேண்டும். அப்போதுதான் உள்ளுக்குப் போகும். கடைசியில் அலைன்மென்ற். இந்தக் காரில் முன் சில்லுகளின் உட்சாய்வை மாற்ற முடியாது. முன்னால் உள்நோக்கி இருக்கிற அளவை மட்டும்தான் மாற்றலாம். பதினாறில் ஒன்று அங்குலத்தில் இருந்து முப்பத்திரண்டில் மூன்று அங்குலம்வரை. இதை முடித்து 401 நெடுஞ்சாலையில் ஏறினபோது, முதல்முறையாக இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்காமல் ஓட்டினேன்.

மூன்றாம் வருடம்: திரும்புவது

இப்போதுதான் சாய்வுக்கு வந்தேன். முதலில் ஷொக். நாலையும் கழற்றி, திருத்திச் செப்பனிட்டவற்றை மாற்றாக வாங்கிப் பூட்டினேன். குழாய் ஷொக்காக மாற்ற செற் கிடைக்கும். பின்பக்கத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் பழைய முறை பிழை என்று சொல்கிறவர்களில் பலர், ஓயில் வற்றிய ஷொக்கோடு புது ஷொக்கை ஒப்பிடுகிறார்கள். திருத்திய பழைய ஷொக்கோடு ஒரு கோடை முழுக்க ஓடினேன். குறை தெரியவில்லை. களைத்த வில்லுத்தகட்டையும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினேன்.

பிறகு முன் அன்ரி-றோல் பார். இதிலும் ஒரு கணக்கு உண்டு. கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நாலாம் அடுக்குப்படி கூடும். எட்டில் ஐந்து அங்குலக் கம்பியை முக்கால் அங்குலமாக்கினால், பார்வைக்குச் சின்ன வித்தியாசம். விறைப்பு இரண்டு மடங்கு. "கொஞ்சம் தடிப்பானதாய் எடுப்பம்" என்று கடையில் நினைக்கும்போது இது ஞாபகம் இருக்கவேண்டும். நான் எட்டில் ஐந்தைத் தேர்ந்தேன். வாங்க முன்னம் கீழ்க்கையிலும் சட்டத்திலும் பூட்டுகிற துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முன்னுக்கு விறைப்புக் கூடினால் கார் திருப்பத்தில் நேரே போகப் பார்க்கும். பின்னுக்குக் கூடினால் வால் வெளியே வரும். முதலாவதை ஓட்டுநர் காலை எடுத்துச் சமாளிப்பார். இரண்டாவது, மழை நாளில், அனுபவம் இல்லாதவரை றோட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும். ஆகவே பின் பாரை முதலில் பூட்டவேண்டாம். பிறேக்குக்கும் இதே நியாயம். அமத்தும்போது முன் சில்லுதான் முதலில் பூட்டவேண்டும். பின் சில்லு முதலில் பூட்டினால் கார் சுழலும். பெரிய கலிப்பர் போடுகிறவர்கள் முன்-பின் சமநிலையை மாற்றுகிறார்கள். பெரிய பிஸ்ரனுக்குக் கூட ஓயில் தேவை, பெடலும் நீளும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாரும் ஷொக்கும் ஸ்பிறிங்கும் ஒரே கிழமையில் பூட்டினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. நான் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரே பாதையில் ஓடுவேன். கெனடியால் ஏறி, எல்ஸ்மியரால் கிழக்கே போய், பிரிம்லியால் ஏரிக்கரைக்கு இறங்கித் திரும்பி வருவேன். வந்ததும் கொப்பியில் நாலு வரி. சட்ட வேகத்தில் ஓடினாலே போதும்; கார் எல்லாம் சொல்லும்.

இன்னும் செய்யாதவை

உயரத்தைக் குறைப்பது பட்டியலில் இருக்கிறது, அவசரம் இல்லை. ஓர் அங்குலம் குறைத்தால் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அச்சு மேலே வருகிற தூரம் குறையும். திருப்பத்தின் நடுவில் ஒரு குழி விழுந்து அச்சு முட்டுறப்பரில் இடித்தால், அந்தக் கணத்தில் அந்தச் சில்லின் பிடி போய்விடும். இறப்பர் பம்பர்க் காரின் முன் குறுக்குச் சட்டமும் அதற்கு முந்திய பழைய காரினதும் ஒன்றல்ல. பழைய காரின் ஸ்பிறிங்கை அப்படியே தூக்கிப் போட்டுக் கணக்குப் பார்க்க முடியாது.

பெரிய பிறேக்கை, போமன்வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற மொஸ்போர்ட் ஓட்டப்பாதைக்குப் போகிற அன்றைக்கு யோசிப்பேன். 1961இல் திறந்த பாதை. 1967 தொடக்கம் 1977 வரை எட்டுத் தரம் கனடாவின் ஃபோர்முலா வண் போட்டி அங்கேதான் நடந்தது. அங்கே ஓடினால் வெப்பம் நிச்சயம் ஏறும். முதலில் வெப்பத்தைத் தாங்குகிற பாட். அது போதாவிட்டால்தான் கலிப்பர். எஞ்சினில் கை வைக்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. 1976ஆம் ஆண்டின் வட அமெரிக்க எம்ஜிபிக்கு எழுபது குதிரைவலுகூட இல்லை. ஆனாலும் நன்றாக நிற்கிற, நன்றாகத் திரும்புகிற காரில் அது போதும் என்பதை இந்த மூன்று வருடமும் எனக்குக் காட்டியது.

சட்டப் பக்கமும் ஒன்று. ஒன்ராறியோவில் வரலாற்று வாகனத் தகடு எடுக்க, கார் குறைந்தது 30 வயதாக இருக்கவேண்டும். உற்பத்தி செய்தவர் செய்தபடி பெரிதாக மாறாமலும் இருக்கவேண்டும். அந்தத் தகடு வேண்டும் என்றால், திட்டம் போடும்போதே அதை மனதில் வையுங்கள். நான் வெட்டுவதும் ஒட்டுவதும் இல்லை. கழற்றிய ஒவ்வொரு பழைய சாமானும் பெயர் எழுதிய பெட்டியில் பேஸ்மென்ற்றில் இருக்கிறது. ஒரு வார இறுதியில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டலாம். காப்புறுதிக்காரருக்கும் செய்த மாற்றத்தைச் சொல்லி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

செப்டெம்பரில் ஓக்வில்லில் பிறொன்ரி கிறீக் பூங்காவில் பிரித்தானியக் கார் நாள் நடக்கும். நூற்றுக்கணக்கான கார்கள் வரிசையாக நிற்கும். போனால் பளபளப்பைப் பார்த்துவிட்டு வராதீர்கள். குனிந்து சில்லுக்குப் பின்னால் பாருங்கள். பல வருடமாக ஓட்டுகிற முதியவர்கள் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார்கள். என்ன மாற்றினீர்கள், எதை மாற்றியதற்கு வருந்துகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் வரும்.

தம்பி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஓடரை இந்தக் குளிர்காலம் மட்டும் நிறுத்தி வையுங்கள். முதலில் ரயரில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். மூன்று இறப்பர்க் குழாயையும் மாற்றுங்கள். ஓயிலை மாற்றுங்கள். பின் ட்ரம்மின் சதுரத் தலையைத் திருகுங்கள். பிறகு வசந்த காலத்தில் பிரிம்லி இறக்கத்தில் மெதுவாக இறங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பெரிய பிறேக் தேவை என்று பட்டால் வாருங்கள், பூட்ட நான் கை தருகிறேன்.